சுவர் இல்லாத இடத்தில்

என் வீட்டுக்காரருக்குக் காது பரிசோதிக்கும் வேலை. பதினெட்டு வருடமாக ஒரே டாக்டர், ஒரே அறை, ஒரே சுழல் நாற்காலி. அவருக்கே காது சரியாகக் கேட்பதில்லை என்று எங்களுக்குத் தெரியவருவதற்கு, ஒன்பது மணி நேரம் கார் ஓட்டிப் போய் ஒரு பாலைவனத்தின் நடுவில் நிற்க வேண்டியிருந்தது. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். வேறு யாருடைய புருஷனாகவாவது இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அவர் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். சத்தம் புகாத ஒரு சின்ன அறை. நோயாளி உள்ளே ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருவார். இவர் வெளியே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம். இவர் குமிழைத் திருகினால் உள்ளே ஒரு ஒலி போகும். அது கேட்டால் நோயாளி பொத்தானை அழுத்துவார். இவர் பக்கம் ஒரு பச்சை விளக்கு எரியும். இவர் காகிதத்தில் ஒரு புள்ளி வைப்பார். இதில் இவருக்கு எதுவும் கேட்க வேண்டியதே இல்லை, பார்த்தால் போதும். சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லும் சோதனை ஒன்றும் உண்டு. அதற்கு எல்லோரையும் கண்ணாடியைப் பார்த்தபடி நேராக உட்காரச் சொல்வார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளத்தான் அந்த ஏற்பாடு என்று யார் கண்டார்கள்? எவ்வளவு ஒழுங்கு பார் என்று டாக்டர் மற்றவர்களிடம் மெச்சிக்கொள்வாராம்.

மாலையில் வீடு திரும்பினால் செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருக்கிறது, அதில் தொப்பென்று உட்காருவார். காலணியைக் கழற்றக்கூட பத்து நிமிடம் ஆகும். உட்கார்ந்து விளக்கைப் பார்க்கிற வேலைக்கு இவ்வளவு அலுப்பா என்று எனக்கு எரிச்சலாக வரும். நான் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் எழுத்தர். நாள் முழுக்க ஜன்னல் வழியாகப் பெற்றோர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வந்து அடுப்படியில் நிற்கிறேன். எனக்கில்லாத அலுப்பு இவருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? என்ன கேட்டாலும் மூன்று பதில்தான். 'ம்', 'சரி', 'பாத்துக்கலாம்'. கல்யாணமாகி இருபது வருடம் ஆன எந்தப் புருஷனுக்கும் காது கேட்காது என்று ஆபீசில் நாங்கள் பெண்கள் பேசிச் சிரிப்போம். அதில் சத்தமாகச் சிரித்தது நான்தான்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்குப் பதினேழு, அப்போதுதான் பள்ளி முடித்திருந்தாள். சின்னவனுக்குப் பதினான்கு. எதைப் பற்றியும் வாய் திறக்காத மனிதர் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் பேசுவார். பெரியவள் காது சம்பந்தமான படிப்பில் சேர வேண்டும், முடித்ததும் அதே கிளினிக்கில் அவருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். டாக்டரிடம் சொல்லி வைத்தாகிவிட்டது. பெரியவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, பொய் சொல்வானேன்.

பாலைவனம் போகலாம் என்றதும் அவர்தான். எங்கள் மூன்று பேருக்கும் இஷ்டமில்லை. போனில் ஒரு படம் காட்டினார். வெள்ளை வெளேரென்று தரை, அதற்கு மேல் வானம், நடுவில் ஒன்றுமே இல்லை. இங்கே என்ன இருக்கிறது என்று சின்னவன் கேட்டான். "ஒண்ணும் இல்ல. அதுக்குத்தான் போறோம்" என்றார். அவர் அவ்வளவு ஆசையாக எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. போய்த் தொலைவோம் என்று லீவு போட்டேன்.

கிளம்பி ஒரு மணி நேரத்தில் ஏசி மண்டையைப் போட்டது. நான்கு ஜன்னலையும் இறக்கிவிட்டோம். காற்று நெருப்பாக அடித்தது, தலைமுடியெல்லாம் தூசி. நான் முன் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். தூங்கவில்லை. தூங்குவது போல் இருந்தால்தான் ஒரு தாய்க்கு ஓய்வு. இல்லாவிட்டால் தண்ணீர் எங்கே, சார்ஜர் எங்கே என்று ஆளாளுக்கு உயிரை எடுப்பார்கள்.

பாதி வழி தாண்டியபோதுதான் பெரியவள் பேசினாள். அவர் இருக்கைக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, நான் அந்த படிப்புக்கு அப்ளிகேஷன் போடல. கடைசி தேதியும் போயிடுச்சு. எனக்கு அதுல இஷ்டம் இல்லப்பா. பயந்துட்டு சொல்லாம இருந்தேன்."

"சரிம்மா. பாத்துக்கலாம்" என்றார் அவர், ரோட்டைப் பார்த்தபடி.

பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நிம்மதியில் அழுகிறாள் என்று புரிந்தது. எனக்கோ உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மூன்று வருடமாக இந்தப் படிப்பு, இந்தப் படிப்பு என்று காதைத் துளைத்த மனிதர், ஒரு வார்த்தை என்னைக் கலக்காமல் சரி என்று விட்டுக்கொடுக்கிறாரே. சேர்க்க முடிவு செய்தபோதும் என்னைக் கேட்கவில்லை, விடும்போதும் கேட்கவில்லை. மிச்சமிருந்த நான்கு மணி நேரமும் கோபத்திலேயே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வந்தேன்.

தார் ரோடு முடிகிற இடத்தில் ஒரு விடுதி. வரிசையாக ஆறு அறைகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, வேறு ஒன்றும் கிடையாது. விடுதிக்காரர் பேச்சுத் துணைக்கு ஏங்கிப் போயிருந்தார் போல. டீ கொண்டுவந்து எதிரிலேயே உட்கார்ந்து, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தார். என் வீட்டுக்காரர் முகமெல்லாம் மலர்ச்சியாக, பெரியவள் அடுத்த மாதம் காலேஜில் சேர்கிறாள், காது சம்பந்தமான படிப்பு, தன் அறைக்கே வரப்போகிறாள் என்று அளந்தார்.

பெரியவள் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். ஊர் பேர் தெரியாத ஆள் முன்னால் மகளைக் குத்திக் காட்டுகிறாரே, இவ்வளவு விஷமா இந்த மனிதருக்கு என்று எனக்குத் திகைப்பாக இருந்தது. சண்டை போடத் தெம்பில்லை. அவள் அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை. ஏன் சாப்பிடவில்லை என்று அவர் என்னிடம் கேட்டார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை காரை எடுத்துக்கொண்டு அந்த வெள்ளைத் தரைக்குப் போனோம். எப்போதோ ஏரியாக இருந்து வற்றிப் போன இடமாம், உப்பு படிந்து கிடந்தது. இன்ஜினை அணைத்ததும் அப்படி ஒரு அமைதி. நான் எச்சில் விழுங்கியது எனக்கே கேட்டது. அவர் இறங்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு ஐம்பதடி தள்ளிப் போய் நின்றார். நானும் சின்னவனும் கார் நிழலில் உட்கார்ந்தோம். பெரியவள் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு அவரை நோக்கி நடந்தாள்.

அவருக்குப் பத்தடி பின்னால் நின்று "அப்பா" என்றாள். அவர் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டாள். அசைவில்லை.

"நேத்து கார்ல சரின்னு சொல்லிட்டு, அந்த ஆளு முன்னாடி ஏம்பா என்னை அப்படி அசிங்கப்படுத்தினீங்க?"

அவள் மெதுவாகத்தான் கேட்டாள். ஐம்பதடி தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. அவரோ குனிந்து ஒரு உப்புக் கட்டியை எடுத்து, வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் என்றால் ஃபேன் மேல் பழியைப் போடலாம், மிக்ஸி மேல் போடலாம், டிவி மேல் போடலாம். இங்கே பழி போட ஒன்றுமே இல்லை. பெரியவள் திரும்பி என்னைப் பார்த்தாள். சின்னவன், "அம்மா, அப்பாவுக்கு…" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினான்.

பெரியவள் சுற்றிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். அவர் சிரித்தார். "எப்பம்மா வந்தே?" என்றார்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை, எழுந்து கிட்டே போனேன். எத்தனை நாளாக இப்படி என்று அவள் கேட்டாள். அவர் முகம் மாறியது. கொஞ்சம் மழுப்பிப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். மூன்று வருடத்துக்கு மேல் இருக்குமாம். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தானே உள்ளே உட்கார்ந்து, தானே சோதித்துப் பார்த்திருக்கிறார். அந்தக் காகிதத்தை அப்போதே கிழித்துப் போட்டுவிட்டாராம். காது கேட்காதவனிடம் யார் காதைக் காட்ட வருவார்கள் என்ற பயம். காதில் மிஷின் மாட்டினால் டாக்டருக்குத் தெரிந்துவிடும். காலை முதல் மாலை வரை ஒவ்வொரு வாயையும் உற்றுப் பார்த்தே வேலையை ஓட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்தபின் எங்கள் வாயைப் பார்க்க அவருக்குச் சக்தி இல்லை. நான் சோம்பேறித்தனம் என்று நினைத்த அலுப்பு அது.

"சத்தமே இல்லாத இடத்துக்கு வந்தா நீங்க பேசறது நல்லா கேக்கும்னு நினைச்சேன்" என்றார். "வீட்டுல சுவர் இருக்கு, பேச்சு பட்டுத் திரும்பி வரும். இங்க எதுல பட்டு வரும்? பதினெட்டு வருஷமா இதே வேலை பாக்கறேன், எனக்கு இது தோணல பாரு."

பிறகு, "கார்ல நீ என்ன சொன்னே?" என்று கேட்டார்.

அவள் நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம். எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்து, நிதானமாக, முழுவதையும் இன்னொரு தடவை சொன்னாள். அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதை அப்பவே நேரா சொல்லியிருக்கலாமே."

"நேரா சொல்ற தைரியம் இருந்தா முதுகுக்குப் பின்னாடியா சொல்வேன்?"

அவர் கையிலிருந்த உப்புக் கட்டியைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "நீ பக்கத்துல இருந்தா, எனக்குக் கேக்காததை நீ சொல்லுவே. இன்னும் பத்து வருஷம் ஓட்டிடலாம்னு பார்த்தேன். உன் நல்லதுக்குன்னு வெளியில சொன்னேன். எனக்காகத்தான்."

எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு மனிதர் இப்படித் தோற்றுப் போய் உட்கார்ந்திருந்தால் எங்கிருந்து கோபம் வரும்? பெரியவளும் அவர் எதிரில் உட்கார்ந்தாள். திங்கட்கிழமை டாக்டரிடம் அவரே போய்ச் சொல்லிவிட வேண்டும், துணைக்கு அவளும் வருவாள், ஆனால் அந்த அறைக்கு வேலைக்கு வரமாட்டாள் என்று கறாராகச் சொன்னாள். அவர் தலையாட்டினார். வழக்கமான அந்த 'சரி' வரவில்லை. அவளுக்கு என்ன படிக்க ஆசை என்று கேட்டார். கட்டட வரைபடம் என்றாள். அதற்கு எங்கே சேர வேண்டும், எத்தனை வருடம், வேலை கிடைக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். எங்களிடம் அவர் இத்தனை கேள்வி கேட்டு எத்தனை காலமாயிற்று என்று நினைத்தேன்.

சின்னவன் அதற்குள் ஓடிப் போய் அவர் முன்னால் நின்றான். போன வருடம் நாய்க்குட்டி வளர்க்கட்டுமா என்று கேட்டதற்குச் சரி என்றாரே, அதுவும் இந்தக் கணக்குதானா என்று முறையிட்டான். பெரியவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். இதுவரை நான் சொன்ன சரிகளையெல்லாம் எல்லோரும் எழுதிக் கொடுங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதில் சொல்கிறேன் என்றார்.

நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. எனக்குச் சொன்ன ஒரு சரி ஞாபகம் வந்துவிட்டது.

நான் மனதில் கிடப்பதையெல்லாம் அவரிடம் விளக்கை அணைத்த பிறகுதான் சொல்வேன். அதுதான் எங்களுக்கு வாய்த்த நேரம். இருட்டில் உதடு எங்கே தெரியும்? இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள், ஒரு பையில் நான்கு புடவையை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். சுவரிடம் பேசுவது போல் ஒருவரிடம் எத்தனை வருடம்தான் பேசுவது என்று தோன்றியதால் போனேன். அன்றைக்கு ராத்திரியே அதை அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, "சரி, தூங்கு" என்றார். இவ்வளவு பெரிய தப்பை இரண்டே வார்த்தையில் மன்னித்துவிட்டாரே என்று அன்றைக்கு நான் அழுதேன். அதற்குப் பிறகு அந்தப் பையை எடுக்கவே இல்லை.

பிள்ளைகளைக் காரில் போய் உட்காரச் சொன்னேன். கண்ணாடியை ஏற்றிவிடச் சொன்னேன். இதை அவர்கள் கேட்க வேண்டாம். பிறகு அவர் எதிரில் போய் நின்றேன். என் முகத்தில் நன்றாக வெயில் விழுந்தது. பை, பஸ் ஸ்டாண்ட், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். பாதியிலேயே அவர் கண் கலங்கிவிட்டது. ஆனால் பார்வையை என் வாயிலிருந்து எடுக்கவில்லை.

"அன்னைக்கு நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டார்.

"சரி, தூங்குன்னு சொன்னீங்க."

"அதை நம்பியா ரெண்டு வருஷம் இருந்தே?"

"வேற என்ன இருந்துச்சு எனக்கு?" என்றேன்.

இதை அவருக்கு இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.