மேடம் விட்ட ஆறடி முடுக்கு

கோமதி மேடம் இறந்த செய்தி எனக்குத் தொலைபேசியில் வரவில்லை, ஜன்னல் வழியாக வந்தது. நாரணாபுரம் பக்கம் எங்கள் காலனியில், என் படுக்கையறைச் சுவரை ஒட்டி ஆறடி அகலத்தில் ஒரு முடுக்கு போகிறது. காலை ஆறரை மணிக்குப் பட்டாசு கம்பெனி வேனைப் பிடிக்கப் பெண்கள் அந்த வழியாகத்தான் பேசிக்கொண்டே போவார்கள். அன்று பேச்சு இல்லாமல் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. அதிலேயே எனக்கு விழிப்புத் தட்டிவிட்டது. அவர்களில் ஒருத்தியான மாரியம்மாள் ஜன்னல் கம்பியைத் தட்டி, "பாய், முழிச்சிட்டீகளா? ஒங்ககூட சண்டை போடுத மேடம் தவறிட்டாகளாம். ராத்திரி தூக்கத்துலயே போயிட்டாகளாம்" என்றாள். தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டாள். வேன் ஹாரன் அடித்ததும் ஓடிவிட்டாள்.

மேடத்தோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவரிடம் திட்டு வாங்கிய என் தொழில்காரர்களுக்கும் அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் நகரமைப்பு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். காட்டை மனைகளாகப் பிரித்து விற்பவர்கள் வரைபடம் கொடுத்தால், சாலை, பூங்கா, கடைக்கு இடம் எல்லாம் சரியாக விட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. அந்தப் படங்களை வரைவது என் வேலை. எங்கள் உறவு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

படத்தை மேசையில் விரித்ததும் அவருடைய கைப்பையிலிருந்து காராச்சேவுப் பொட்டலம் வெளியே வரும். தின்பதற்கு அல்ல. மனைக்கு ஒரு சேவு என்று வரிசையாக வைப்பார். அவர்கள்தான் குடியிருப்பவர்கள். நீளமான சேவு என்றால் வேன். உடைந்த தூளெல்லாம் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் பெயர், வேலை, நோய், மாமியார் எல்லாம் சொல்லிவிட்டு, "இவ ஜோதி. புருசன் அச்சாபீஸ்ல இருக்கான். பிள்ளைக்குக் காய்ச்சல். ஆட்டோ எங்கன வந்து நிக்கும், இவ எப்படிப் போவா? நகத்துங்க பாய்" என்பார். நான் விரலால் ஜோதியை நகர்த்த வேண்டும். ஒரு தடவை ஜோதி முட்டுச் சந்தில் போய் மாட்டிக்கொண்டாள். மேடம் படத்தைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டார். எண்ணெய்க் கறை இல்லாத படம் மேடம் பார்க்காத படம் என்று எங்கள் தொழிலில் சொல்வதுண்டு.

இந்தக் காலனியின் படத்தையும் நான்தான் வரைந்தேன். முன்பக்கம் மெயின் ரோடு, பின்பக்கம் பழைய ஊர். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஊராட்சி அலுவலகம், பள்ளிவாசல், கோயில், மளிகைக் கடை எல்லாம் அந்த ஊரில்தான். இடையில் கிடந்த காட்டைத்தான் எனக்கு வேலை கொடுத்த முதலாளி மனை போட்டார். ஊர்க்காரர்கள் அதுவரை காட்டுக்குள்ளே நடந்து மெயின் ரோட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். நான் படத்தில் நாலு பக்கமும் சுவர் போட்டிருந்தேன். மேடம் பதினேழாம் மனைக்கும் பதினெட்டாம் மனைக்கும் நடுவில் பென்சிலால் ஒரு கோடு கிழித்து, ஆறடி என்று எழுதினார்.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "இதுல யாரு மேடம் நடக்கப் போறாக?" என்று கேட்டுக்கொண்டே கைவாக்கில் பதினேழாம் நம்பர்க்காரரை எடுத்து வாயில் போட்டுவிட்டார்.

மேடம் அவரைப் பார்த்தார். "ஒரு குடும்பத்தையே முழுங்கிட்டீகளே. இருங்க, வேற ஆள் போடுதேன்" என்று புதுச் சேவு ஒன்றை வைத்தார்.

முதலாளியைவிட எனக்குத்தான் கோபம். அளந்து அளந்து வரைந்த படம் அது. வழி விட்டால் எல்லா மனைகளின் அளவும் மாறும், எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டும். மேசையைத் தட்டியே பேசிவிட்டேன். மேடம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பதினேழாம் கட்டத்துக்குள் பொடி எழுத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு சொன்னார்: "வீடு மட்டும் இருந்தா அது தூங்குத இடம் பாய், ஊரு இல்ல. வீட்ட விட்டு வெளிய போறதுக்கு ஒரு காரணம் வேணும். நடந்துபோற தூரத்துல வேணும்." நான் எட்டு நாள் உட்கார்ந்து மறுபடி வரைந்தேன்.

முடுக்கை ஒட்டிய மனை என்பதால் பதினேழு விற்கவில்லை. முதலாளி அதை என் தலையில் கட்டினார். "நீருதானே வரைஞ்சீரு, நீரே குடியிரும்" என்றார். அப்படித்தான் நான் அந்தப் பெண்களின் பேச்சுக்குப் பக்கத்தில் குடிவந்தேன். எந்தக் கம்பெனியில் சீசன் ஆர்டர் குவிந்துகிடக்கிறது, யார் வீட்டில் சம்பந்தம் முறிந்தது, எந்தச் சூப்பர்வைசருக்கு விக் என்பதெல்லாம் பல் விளக்குவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். என் மனைவி பாத்திமா ஜன்னலோரம் நாற்காலி போட்டுக்கொண்டாள். சம்பந்தம் முறிந்த விஷயத்தில் உள்ளிருந்தே யோசனை வேறு சொன்னாள்.

எனக்குத் தூக்கம் போயிற்று. முதலில் முடுக்கில் ரோஜாத் தொட்டிகளை வரிசையாக வைத்து மெல்ல இடம் பிடித்தேன். மேடம் ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒருமுறை விருதுநகரிலிருந்து பஸ் ஏறி, அவர் ஒப்புதல் கொடுத்த காலனிகளைப் பார்க்க வருவார். என் தொட்டியைக் காலால் நகர்த்திவிட்டு, "ரெண்டு அங்குலம் தின்னுட்டீக பாய்" என்றார். அந்த வீம்பில் ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினேன். முடுக்கைச் சுவர் வைத்து அடைக்க வேண்டும், திருடர் பயம் என்று காரணம் காட்டினேன். கூடவே ஒரு வரைபடமும் இணைத்தேன். என் வாழ்நாளில் நான் வரைந்த மிக அழகான படம் அதுதான்.

கேள்விப்பட்டு மேடம் வீட்டுக்கே வந்தார். பாத்திமா வைத்த சாப்பாட்டை நிதானமாகச் சாப்பிட்டார். பிறகு நான் மறுபடி வரைந்த படத்தை விரித்து, பதினேழில் ஒரு சேவை வைத்து, "இது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான்."

"இவருக்கு முட்டி வலி வரும். வண்டி ஓட்டக் கூடாதுன்னு மகன் சாவியப் புடுங்கி வச்சுக்கிடுவான். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போகணும். முடுக்க அடச்சாச்சு. நகத்துங்க பாய்."

நான் காலனிக்குப் பக்கத்திலிருந்த கண்மாய்க் கரையைச் சுற்றி விரலை நகர்த்திப் பார்த்தேன். படத்தின் ஓரம் வந்துவிட்டது, பள்ளிவாசல் வரவில்லை. பாத்திமா அடுப்படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். வேறு வழி தெரியாமல் நான் என்னையே எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

ஆனாலும் மனுவை வாபஸ் வாங்க மாட்டேன் என்றேன். "வாங்க வேண்டாம், கெடக்கட்டும். நாளப்பின்ன ஒங்களுக்கும் சண்டை போட ஒரு விசயம் வேணும்ல" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். பிரச்சினை முடியும் வரை முடுக்கை அடைப்பதும் இல்லை, பொதுவழி என்று பதிவதும் இல்லை என்று ஊராட்சியில் விட்டுவிட்டார்கள். முடுக்கின் தலைவிதி என் மனுவில் தொங்கிக்கொண்டு இருந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு ஒரு மத்தியானம் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தத்துக்கு விளக்கம் தேவையில்லை. சிறிது நேரத்தில் பழைய ஊர் முழுவதும் முடுக்கு வழியாக மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டது. புருசன்மார், கிழவர்கள், பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்த பிள்ளைகள். எல்லாரும் வேன் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாத்திமா குடத்தோடு தண்ணீர் கொண்டுபோய் எல்லாருக்கும் ஊற்றினாள். வேன்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மாரியம்மாள் கடைசி வேனில் வந்து இறங்கினாள். வெடித்த அறையில் அந்த நேரம் ஆள் இல்லையாம். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வீடு திரும்பியபோது என் படத்தில் இருந்த ஆறடி போதவில்லை. அன்று சாயங்காலம் தொட்டிகளை நானே உள்ளே எடுத்து வைத்தேன். மனுவை மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் மேடம் ஜெயித்ததாகிவிடும் என்ற வீம்புதான், வேறொன்றும் இல்லை.

இறந்த வீட்டுக்கு விருதுநகர் போயிருந்தேன். மேடத்தின் மகள் என்னைக் கண்டதும், "நீங்கதானே பதினேழாம் நம்பர்?" என்று கேட்டார். உள்ளே போய் ஒரு சுருளை எடுத்து வந்தார். எங்கள் காலனியின் முதல் படம், எண்ணெய்க் கறையோடு. ஒவ்வொரு மனைக்குள்ளும் மேடத்தின் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. ஐந்தில், 'இரண்டு பெண் பிள்ளைகள். தெருவிளக்கு வேண்டும்.' பதினொன்றில், 'தையல் மிஷின் வைத்திருப்பார். கடைக்கு அனுமதிக்கலாம்.' பதினேழைத் தேடிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். நான் அங்கே குடிவருவேன் என்று யாருக்கும் தெரியாத காலத்தில், நான் மேசையைத் தட்டிய அன்று எழுதியது. 'முன்கோபி. தனியாக விடக் கூடாது.'

மறுநாள் ஊராட்சி அலுவலகத்துக்கு முடுக்கு வழியாகவே நடந்து போனேன். முட்டி வலித்தது. வழியெல்லாம் ஆட்கள் நிறுத்தி நிறுத்தி மேடத்தைப் பற்றி விசாரித்ததால் ஐந்து நிமிட நடைக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. வாபஸ் படிவத்தில் காரணம் எழுதக் கட்டம் போட்டிருந்தார்கள். யோசிக்கவே இல்லை, எழுதிக் கொடுத்தேன். எழுத்தர் அதை இரண்டு முறை படித்தார்.

"இதென்ன பாய், காரணம்னு கேட்டா 'மனுதாரர் முன்கோபி, தனியாக விடக் கூடாது'ன்னு எழுதியிருக்கீக?"

"நகரமைப்பு மேடம் எழுதினது. சரியாத்தான் இருக்கும், முத்திரை குத்துங்க" என்றேன்.

மேடத்தின் மகள் கொடுத்த அந்தப் படம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. தினமும் ஆறரை மணிக்கு ஜன்னலைத் திறந்து வைக்கிறேன்.