எல்மெரியின் ஆள்

புது ஆட்டம் என்று அறிவிப்பு வந்ததுமே ரௌனோ கணினியில் பழைய கோப்பைத் திறப்பார். வருஷத்தையும் தொழிலையும் மட்டும் மாற்றுவார். எல்மெரி தயார். ஔலு நகரில் நாங்கள் இருவரும் வேலைபார்க்கும் பல்செட் பட்டறையில் நாள் முழுக்க மெழுகில் பல் பதிக்கிறவர், மதிய இடைவேளையில் கறுப்பு ரொட்டியை மென்றபடி இந்த வேலையை முடித்துவிடுவார்.

ஆட்டம் என்பது, இணைய மன்றம் ஒன்றில் இருபது பேர் சேர்ந்து எழுதும் கதை. ஆளுக்கொரு பாத்திரம், அதன் பேச்சையும் செயலையும் அவரவர்தான் எழுத வேண்டும். நானும் அதில் உண்டு. ஒவ்வொரு தடவையும் மண்டையை உடைத்துக்கொண்டு புது ஆளை உண்டாக்குவேன். ரௌனோவுக்கு அந்தப் பாடே கிடையாது. பதினாலு வருஷமாக ஒரே எல்மெரி. அரசர் காலத்துக் கதையில் படகோட்டி, விண்வெளிக் கதையில் சரக்குக் கப்பல்காரன், கொள்ளைநோய்க் கதையில் பிணவண்டி ஓட்டுகிறவன். எங்கே போனாலும் கோபம் வந்தால் பேசமாட்டான், பூட்ஸைத் துடைப்பான்.

"போன மாசம்தான அவனப் பொதச்சோம்? திரும்பக் கூட்டிட்டு வர்றியே, வெக்கமா இல்ல?" என்பேன்.

"அது அந்தக் கதைல. இங்க அவனுக்கு ஒண்ணும் தெரியாது. நீயும் வாயத் தொறந்துடாத."

விவாகரத்தான வருஷம்கூட ஒரு நாள் விடாமல் எல்மெரியை எழுதினார். அந்த வருஷம் அவர் மனம்விட்டுப் பேசியது அவன் வாயால் மட்டும்தான்.

போன இலையுதிர் காலத்தில் அவருக்கு இரண்டு மணிக்கட்டிலும் அறுவைச் சிகிச்சை நடந்தது. தட்டச்சு கூடாது என்றார்கள். எங்கள் மன்றத்தில் நாலு மாதம் எழுதாவிட்டால் பாத்திரம் பொதுவுக்குப் போய்விடும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சட்டத்தை எழுதியதே ரௌனோதான். விடுப்புச் சொல்ல மறந்துவிட்டார். எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்; நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது. ரொவானியெமியிலிருந்து புதிதாகச் சேர்ந்த வில்மா என்ற பெண் எல்மெரியை எடுத்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் வேலைக்குத் திரும்பிய அன்று, அவள் எழுதியதையெல்லாம் படித்தார். எல்மெரி துறைமுகச் சாராயக்கடையில் உட்கார்ந்து பாடுகிறான். கல்யாணப் பேச்சு வேறு நடக்கிறது. ரௌனோவின் முகம் வாடிவிட்டது.

"கேட்டா குடுத்துடுவா. நான் பேசட்டா?" என்றேன்.

"வேணாம். சட்டம்னா எனக்கும்தான்." காபியை ஊற்றிக்கொண்டார். "நல்லாத்தான் எழுதுறா, சனியன். அவனுக்குப் பாட வரும்னு இத்தன வருஷம் எனக்குத் தெரியாமப் போச்சே."

மறுநாள் மதியம் பழைய கோப்பைத் தொடவில்லை. வெள்ளைப் பக்கம் ஒன்றில் எழுதினார்: ஒஸ்மோ, ஐம்பத்தாறு வயது, விறகு சுமக்கிறவன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். மிச்சம் இன்னும் எனக்கே தெரியாது."

ஒஸ்மோ துறைமுகச் சாராயக்கடைக்குள் நுழைந்து, பாடிக்கொண்டிருந்தவனுக்கு எதிரில் உட்கார்ந்தான். ரௌனோ வலிக்கிற கையால், ஒற்றை விரலில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

"நான் ஊருக்குப் புதுசு. உங்க பேரு என்ன?"

அனுப்பிவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.