எருமை மேல் ஒரு கையெழுத்து

என் தங்கை சாந்தகுமாரி யாரும் எதிர்பாராமல் ஜெயித்தவை மூன்று: தலைநகரில் நம் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் குழாயடியில் முதல் இடம், பொங்கலன்று கயிறு இழுக்கும் போட்டியில் ஓர் இரும்புச் சட்டி, அரசாங்கத்திடமிருந்து ஓர் எருமை. முதல் இரண்டும் கேம்ப்புக்கே தெரியும். மூன்றாவதை விவரமாக எழுத வேண்டும்.

1995 செப்டம்பரில் யமுனை பொங்கி, எங்கள் குடிசைகளை ஒட்டி ஓடும் பாரப்புல்லா நாலா என்ற பெரிய சாக்கடையிலும் வெள்ளம் ஏறியது. கரையில் கட்டியிருந்த தங்கையின் எருமையை அடித்துக்கொண்டு போனது. அதன் பாலை விற்றுத்தான் அவள் பிழைத்தாள். அரசாங்கம் இரண்டாயிரம் ரூபாய் நிவாரணம் கொடுத்தது. கைரேகை வைத்து வாங்கினாள். மறுமாதம் எருமை தானாகவே நடந்து வந்தது, முன்னைவிடக் கொழுத்து.

அடுத்தவர் காசு தங்கைக்குச் செரிக்காது. நிவாரண அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிட்டாள். ஆர்.கே.புரத்துக் குமாஸ்தா தட்சிணாமூர்த்தி ஜீப்பில் வந்தார்.

"இது செத்துப்போன எருமைம்மா."

"மூச்சு வுடுது, பாரு சார்."

"ஃபைல்ல விடலையே. ஒண்ணு பணத்தைத் திருப்பிக் கட்டணும், இல்லேன்னா எருமையை நாங்க ஓட்டிண்டு போயிடுவோம்."

"பணம் அப்படியே முந்தானையில இருக்குது. ரேகை எங்க வைக்கணும்?"

"வாங்கறதுக்குத்தான் ரேகை. திருப்பிக் குடுக்கற ஃபாரத்துல கையெழுத்துதான். இதுவரைக்கும் யாரும் திருப்பிக் குடுத்ததில்லை, அதனால அதை யாரும் மாத்தலை. ஒரு மாசம் டயம்."

உயிர் இருக்கிறதா என்று பார்க்க மாட்டு டாக்டர் ஒரு ஜீப்பில் வந்தார். போட்டோக்காரர் இன்னொரு ஜீப்பில் வந்தார். அவர் தொப்பியை எருமை தின்றது. அதற்கும் பில் போட்டார்கள். செத்த எருமையைவிட உயிரோடிருக்கும் எருமையால் அரசாங்கத்துக்குச் செலவு அதிகம். பெட்ரோலையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

நான் எட்டாவது படித்தவன். அவள் பெயரைக் கதவில் எழுதிக் காட்டினேன். அவள் சாக்பீஸை எடுத்து எருமையின் விலாவில் எழுதிப் பழகினாள். 'சாந்தகு' வரை எருமை நிற்கும். அப்புறம் நடக்கத் தொடங்கும். அவளும் கூடவே நடந்து 'மாரி'யை எழுதுவாள்.

கெடு நாளன்று அலுவலக மேசையில் ஃபாரத்தை வைத்தார்கள். பேனா நகரவில்லை.

"என்னம்மா ஆச்சு?"

"மேசை சரியில்ல சார். நடக்க மாட்டேங்குது."

தட்சிணாமூர்த்தி தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு டிரைவரிடம், "ஜல்தி சலோ பையா" என்று அவசரப்படுத்தினார். ஜீப் மறுபடி கேம்ப்புக்கு வந்தது. எருமையின் விலாவில் அவர் ஃபாரத்தை அழுத்திப் பிடிக்க, மூவரும் நடந்தபடியே கையெழுத்து முடிந்தது. எருமை தங்கைக்கே ஆனது.

சாந்தகுமாரி முதன்முதலாகக் கையெழுத்திட்ட தேதி: 1995 நவம்பர் 28, செவ்வாய்க்கிழமை.