இளவரசியின் தலைப்பிரசவம்

காலை எட்டு மணிக்குத் திண்டிவனத்தில் பஸ் ஏறினேன். விழுப்புரம் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பது ரூபாய். அங்கே கட்டிக்கொடுத்த மகளுக்கு ஒன்பதாம் மாதம். வளையல் போட்டுத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வரவேண்டும். இதற்குப் பெண்கள் கூட்டமாகப் போவார்கள். என் மனைவி இறந்து இரண்டு வருடம்; தங்கைகளோடு பேச்சு இல்லை. ஐந்து வகைச் சாதத்தையும் ஓட்டலில் கட்டிக்கொண்டு தனியாகப் போனேன். மூன்றாம் வகுப்பில் மூன்று வருடம் படித்த மூளை அவ்வளவுதான் வேலை செய்யும்.

ஒன்பதரை மணி. சம்பந்தியம்மா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார்.

"பொம்பள இல்லாத வூட்டுக்கு எப்படிங்க அனுப்பறது? வலி வந்தா யாரு புடிச்சிக்குவாங்க?"

"நான் இருக்கறேங்க."

"அதாங்க பயமே."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. "நீ கெளம்பு நைனா," என்றாள். வளையலை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

பதினோரு மணிக்குத் திரும்பும் பஸ். பக்கத்து சீட்டில் ஒரு காலேஜ் பெண், சரித்திரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம், கழுத்து நிறைய நகை, முகம் செத்துக் கிடந்தது.

"யாரும்மா இது? நகை எல்லாம் இரவலா?"

"இளவரசி அங்கிள். ஐரோப்பாவுல, நூத்தம்பது வருஷம் முன்ன. கூடப் பொறந்தவங்க ஏழு பேரு. ஆளுக்கொரு நாட்டுல கட்டிக் குடுத்தாங்க, சம்பந்தம் பண்ணா சண்ட வராதுன்னு."

"வரலயா?"

"மாமனாரும் அப்பாவுந்தான் மொதல்ல சண்ட போட்டாங்க."

"நம்மூரு மாதிரியே கீது. தலைப்பிரசவத்துக்குக் கூட்டிகினு போனாங்களா?"

"எங்க? பட்டத்துக்கு வர்ற புள்ள இங்கதான் பொறக்கணும்னு மாமியாரு வுடல. மூணும் அங்கதான். மூணாவதுல போய்ட்டாங்க."

"அப்பன்காரன்?"

"மரியாதையா கூப்புட்டா போலாம்னு காத்துக்கினு இருந்தாரு. சாவுக்குத்தான் போனாரு."

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி வண்டி வேகமெடுத்தது. கூட்டேரிப்பட்டில் நின்றதும் இறங்கிவிட்டேன்.

"திண்டிவனம் இன்னும் வரல அங்கிள்," என்று ஜன்னல் வழியே சொன்னாள்.

எதிர்ப்பக்கம் போய் விழுப்புரம் பஸ் பிடித்தேன். அந்த ராஜாவுக்கு மரியாதை பார்க்க ஒரு நாடு இருந்தது. எனக்கு இருப்பது ஓடு உடைந்த இரண்டு அறை.

ஒரு மணிக்குக் கதவைத் தட்டினேன். மகள்தான் திறந்தாள். உள்ளேயிருந்து சம்பந்தியம்மா, "யாருடி?" என்றார்.

"யாருமில்ல அத்த," என்றாள். பிறகு சத்தம் போடாமல், 'இரு, வரேன்' என்பதுபோல் என்னை அங்கேயே வாசற்படியில் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினாள்.