மாமனாரின் புதுத் துப்பாக்கி

விசையை அழுத்தியதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. வெடிக்கவில்லை. சேந்தமங்கலம் போகும் வழியில் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியைச் சமப்படுத்தி ரைபிள் கிளப்காரர்கள் அமைத்திருந்த சுடுதளம் அது. என் முதுகுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் கிளப்பின் பெரிய மனிதர்கள், நடுநாயகமாக என் மாமனார். தோட்டா வெடிக்காமல் உள்ளே நின்றுவிட்டால், குழாயை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு சற்று நேரம் அசையாமல் காத்திருக்க வேண்டும்; தாமதமாக வெடித்துத் தொலைத்தாலும் தொலைக்கும். கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்தபோது முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான். நான் காத்திருந்தேன். “என்ன அம்மிணி, துப்பாக்கியப் புடிச்சுட்டுச் சாமி கும்புடறயா?” என்றார் மாமனார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள், அன்றைக்குக் கிளப்பில் விருந்து அவருடையது.

மாமனாருக்கு போர்வெல் ரிக் வண்டிகள் இருந்தன. அவை வருடத்தில் பாதி நாள் வடக்கே எங்கேயாவது பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கும். அவற்றோடு என் கணவரும் போய்விடுவார். வீட்டில் மிஞ்சுவது மாமனார், மாமியார், கல்லூரியில் படிக்கும் நாத்தனார், நான். என் ஊர் ஆத்தூர். அப்பா தையல் மிஷின் ரிப்பேர் பார்ப்பவர். பெண் பார்க்க வந்த அன்று, நான் கல்லூரியில் வாங்கிய சுடும் போட்டிப் பதக்கங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துவிட்டு மாமனார் அப்பாவிடம் சொன்னார்: “எங்க ஊட்டுக்கு வந்தாலும் புள்ள சுடட்டுமுங்க. நானே நல்ல துப்பாக்கியா வாங்கித் தாரேன்.” அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் தலையாட்டினேன். மாநிலப் போட்டிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் காவல்துறை வேலைக்கு விண்ணப்பிக்கலாம். சொந்தக் காலில் நிற்கலாம். எனக்கு அதற்கு மேல் ஆசை கிடையாது.

துப்பாக்கி வரத்தான் செய்தது. உரிமம் அவர் பெயரில், சாவி அவர் இடுப்பில். செமி ஆட்டோமேட்டிக் ரைபிள். ஒரு முறை அழுத்தினால் ஒரு குண்டு போகும், காலிக் கூட்டை வெளியே தள்ளிவிட்டு அடுத்த தோட்டாவைத் துப்பாக்கியே ஏற்றிக்கொள்ளும். வந்த வாரமே ஆயுத பூஜை. ரிக், லாரி, கம்ப்ரஸர், தோட்டத்து மோட்டார் என்று வரிசையாக நிறுத்தி, கடைசியில் ஒரு மனைப்பலகையில் அதையும் வைத்தார்கள். மாமனார் சந்தனத்தைக் குழைத்துக் கட்டை, குழாய், தோட்டா அடுக்கும் மேகசினின் மேல்புறம், தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் நகரும் வாய் என்று ஓர் இடம் விடாமல் பொட்டு வைத்தார். பிறகு ரிக்குக்கு வைக்கும் மஞ்சள் கிரீஸை விரலில் அள்ளி, திறந்த இடத்திலெல்லாம் அப்பினார். “மாமா, இதுக்கு இவ்வளவு வேண்டாங்க” என்றேன். “நாப்பது வருசமா மிஷினுல கிடக்கறவன் நானு. நீ எனக்குச் சொல்றயா?” என்றார். மாமியார் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. முதல் ஞாயிற்றுக்கிழமை சுடும்போது மூன்றில் ஒன்று வெடிக்கவில்லை. அடுத்த வாரம் தோட்டா குழாய்க்குள் போகாமல் பாதி வழியில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. அதற்கடுத்த வாரம் காலிக் கூடு வெளியே விழாமல் போல்ட்டின் வாயில் செருகிக்கொண்டது. ஒவ்வொரு முறையும் மேகசினைக் கழற்றி, போல்ட்டை இழுத்துச் சிக்கியதை எடுத்துவிட்டு மறுபடி சுட வேண்டும். அதற்குள் நேரம் முடிந்துவிடும். துப்பாக்கியில் கோளாறு இருக்கலாம் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவராவது வாயைத் திறக்க வேண்டுமே! கோளாறு என் கையில் என்று மாமனார் முடிவு கட்டிவிட்டார். திருமணமான முதல் வருடம் எனக்குக் கரு தங்காமல் கலைந்திருந்தது. ஒரு நாள் துப்பாக்கி ‘டிக்’ என்றதும், அத்தனை ஆண்களுக்கும் கேட்கிற மாதிரி அவர் சொன்னார்: “வவுத்துல நின்னதும் நிக்கல, துப்பாக்கியில போட்டதும் வெடிக்கல. என்ன கையோ போ!” சொல்லிவிட்டு இளநீரை உறிஞ்சினார். நான் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை. வைத்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன், அதைப் பார்க்க அவருக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அழுது முடித்தபின் ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்தால்தான் எனக்குப் புத்தி வேலை செய்யும். அடுத்த வாரம் சுடப்போனபோது ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். வேறு பெட்டித் தோட்டா போட்டேன், அதே கதி. கிளப்பிலிருந்த இன்னொரு மேகசினைப் போட்டேன். தோட்டா ஒழுங்காக மேலே ஏறியது, ஆனாலும் சில வெடிக்கவில்லை. ஆக, கோளாறு ஒன்றல்ல, இரண்டு. வெடிக்காத தோட்டா ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். இந்த ரகத் தோட்டா வெடிக்க, போல்ட்டுக்குள் இருக்கும் ஊசி அதன் விளிம்பில்தான் அடிக்க வேண்டும். விளிம்பில் ஆழமாக ஒரு தழும்பு இருக்க வேண்டிய இடத்தில் நகத்தால் கீறியது போல லேசான ஒரு கோடுதான் இருந்தது. ஊசி போகிறது, வேகமாகப் போகவில்லை. எதுவோ அதைப் பிடித்து வைத்திருக்கிறது. எனக்கு உடனே அப்பாவின் கடை ஞாபகம் வந்தது. எண்ணெயைக் கண்டபடி ஊற்றி, அதில் பஞ்சும் தூசும் சேர்ந்து பிசினாகி, ஓட மாட்டேன் என்று நிற்கிற எத்தனை மிஷின்களை அங்கே பார்த்திருப்பேன்.

“மாமா, ஒரு தடவ கழட்டித் தொடச்சுப் பாக்கட்டுங்களா?” என்று கேட்டேன். என்ன நினைத்தாரோ, கார் நிறுத்தும் கொட்டகையில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, “செய்யி, பாக்கறேன்” என்றார். மேகசினைக் கழற்றி, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டுப் பிரித்தேன். போல்ட்டுக்குள் ஊசி ஓடும் தடம் முழுக்கக் கிரீஸ். அது வெடிமருந்துக் கரியோடு கலந்து கறுத்துக் கெட்டிப்பட்டிருந்தது. மேகசினைத் தலைகீழாக உதறினேன். தோட்டாக்களை மேலே தள்ளும் தட்டின் ஓரத்தில் காய்ந்த சந்தனம் பாளமாக ஒட்டியிருந்தது. அவர் பூசிய சந்தனம், அவர் அப்பிய கிரீஸ். அவர் பார்க்கும்படி ஒரு வெள்ளைத் துணியில் வழித்து வைத்தேன். அவ்வளவையும் பார்த்துவிட்டு, “மண்ணெண்ணெய் அந்தப் பக்கம் இருக்குது” என்றார். பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, உலரத் துடைத்து, தேவையான இடத்தில் மட்டும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு மாட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அது பாடியது என்றுதான் சொல்ல வேண்டும். மேகசின் மேல் மேகசினாகப் போட்டுச் சுட்டேன், ஒரு தடங்கல் இல்லை. இலக்கு அட்டையின் நடுவில் ஒரே பெரிய ஓட்டை. எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். திரும்பி மாமனாரைப் பார்த்தேன். பைத்தியக்காரி, பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து வந்து, என் தோளிலிருந்து துப்பாக்கியை வாங்கி, ஓரமாக உட்கார்ந்து ஃபோன் பார்த்துக்கொண்டிருந்த நாத்தனாரிடம் நீட்டினார். “இந்தா சாமி, துப்பாக்கி சரியாயிருச்சு. இனிமே நீ பழகு. போட்டிக்கு உம் பேரத்தான் குடுக்கப் போறேன்.” ஒரு துப்பாக்கிக்கு ஒருவர்தான் என்பது கிளப்பின் விதி. நாத்தனார் என் முகத்தைப் பார்த்தாள். “அப்பா, அண்ணி…” என்று ஆரம்பித்தாள். “அண்ணி தொடச்சுக் குடுப்பா” என்றார். அவள் வாங்கிக்கொண்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அது சுத்தப் பொய்.

போட்டிக்கு அப்பா வந்திருந்தார். நான் அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. எப்படிச் சொல்வது? சலவை வேட்டி கட்டிக்கொண்டு, அடுத்த கடைக்காரரையும் கூட அழைத்துக்கொண்டு, ஆத்தூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். நாத்தனார் சுடும் இடத்தில் படுத்திருக்க, நான் பின்னால் மண்டியிட்டு மேகசினில் தோட்டா நிரப்பிக்கொண்டிருந்தேன். இடைவேளையில் அப்பா என்னிடம் வந்து, “நீ எப்பம்மா சுடுவ?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மாமனார் குரல் கொடுத்தார்: “உங்க புள்ள கைக்குத் துப்பாக்கி ஒத்து வரலீங்க சம்மந்தி. ஆனா ரிப்பேருக்கு நல்ல கையிங்க. எல்லாம் உங்க ரத்தமல்லங்களா!” நாற்காலிகள் மறுபடியும் சிரித்தன. கூட வந்த கடைக்காரர் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கைகூப்பி, “சரிங்க சம்மந்தி” என்றார். சிரித்தும் வைத்தார்.

நாத்தனார் ஏதோ ஓர் இடத்தில் வந்தாள், சான்றிதழ் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. காக்கிச் சீருடையில் அவள் நிற்கும் படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களிடம் மாமனார் இன்றும் அதைக் காட்டி, புதுத் துப்பாக்கி ஆரம்பத்தில் எப்படி மக்கர் பண்ணியது, தன் மகள் தொட்டதும் எப்படி வழிக்கு வந்தது என்று சொல்லுவார். நான் காபி தம்ளர்களோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். வருடா வருடம் பூஜை முடிந்ததும் அவர் சாவியை எடுத்துக்கொண்டு வந்து கட்டிலில் உட்காருவார், நான் கிரீஸையும் சந்தனத்தையும் வழித்து எடுப்பேன். இந்த வருடமும் எடுத்தேன்.

வழிக்கும்போதெல்லாம் போட்டி நாளன்று அப்பாவை பஸ் ஏற்றிவிடப் போனதுதான் நினைவுக்கு வரும். நாமக்கல் பஸ் நிலையத்தில் சேலம் வண்டிக்காக நின்றோம். அவர் வண்டி வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வேறு யாருடைய வீட்டு மிஷினைப் பற்றியோ விசாரிப்பது போல, “அதுல என்னம்மா கோளாறு இருந்துச்சு?” என்றார். கிரீஸ், சந்தனம், விளிம்பில் பதிந்த அரைகுறைத் தழும்பு, மேகசினை மாற்றிப் பார்த்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பிக்கு வெளியே கையை நீட்டி என் தலையைத் தொட்டார்.

“சரியாத்தான்மா பாத்திருக்க,” என்றார். “ஆனா, நீ அதை ரிப்பேர் பண்ணியிருக்கக் கூடாது.”