காவல்காரன் துப்பாக்கிக்கு வேப்பங்கட்டை

வேம்புலி அம்பத்தூர் எஸ்டேட்டில் வார்ப்படத்துக்கு மர அச்சு செய்பவர். பம்பு மூடியோ மோட்டார் உறையோ, எதை இரும்பில் வார்க்க வேண்டுமோ அதை முதலில் மரத்தில் செய்து தருவது அவர் தொழில். அதே தெருவிலிருந்த வார்ப்படச் சாலையில் அவருடைய அச்சுகளை அளந்து பார்ப்பது என் வேலையாக இருந்தது. நான் திருப்பி அனுப்பியவை மிகக் குறைவு. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அவர் இன்னும் வேலைக்குப் போகிறார்.

அவர் ஊர் கோவில்பதாகை. அங்குள்ள சிறிய அம்மன் கோயில் வாசலில் காவல்காரன் சிலை ஒன்று உண்டு. அதன் கையில் இருப்பது நிஜத் துப்பாக்கி. வாய் வழியே மருந்து இடிக்கும் பழைய வகை. குழலை ஈயம் ஊற்றி அடைத்துவிட்டதால் அது சுடாது. ஆடித் திருவிழாவில் அதை எடுத்து அம்மனுக்கு முன்னால் தூக்கிச் செல்வார்கள். குழலைத் தாங்கும் மரக்கட்டையைச் செய்து கொடுத்த வீட்டார்தான் தூக்க வேண்டும் என்பது முறை. அந்தக் கட்டை வேம்புலியின் தாத்தா செய்தது. அவருக்குப் பின் அப்பா தூக்கினார், பிறகு வேம்புலி. கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்துக்கு அந்தக் கோயிலில் இருந்த உரிமை அது ஒன்றுதான்.

சென்ற ஆண்டு கட்டையைக் கறையான் தின்றுவிட்டது. பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பினர் முழுத் துப்பாக்கியையும் ஃபைபரில் செய்து தர முன்வந்தார்கள். கமிட்டிச் செயலாளர் ஜெகதீசனுக்கு அதில் சம்மதம். ஃபைபர் வந்தால் தூக்கும் உரிமையும் அவர்களுக்குப் போய்விடும். வேம்புலி கமிட்டியிடம் பேசி, திருவிழாவுக்குள் தானே புதுக்கட்டை தருவதாக ஒப்புக்கொண்டார். கட்டை ஒரே மரமாக இருக்க வேண்டும். ஒட்டு, அடைப்பு எதுவும் கூடாது. அது எப்போதும் உள்ள நிபந்தனைதான்.

புயலில் சாய்ந்த கோயில் வேம்பை அறுத்து அடுக்கியிருந்தார்கள். அந்த அடுக்கில் முடிச்சில்லாமல் தேறிய நீளத் துண்டு ஒன்றே ஒன்று. திருவிழா ஊர்வலத்துக்குத் தவிர, குழலைக் கோயிலுக்கு வெளியே கொண்டுபோகும் வழக்கமில்லை. ஆகவே ஜெகதீசன் டேப் பிடித்து அளவுகளைச் சொல்ல, வேம்புலி பிளைவுட் துண்டொன்றில் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வாய்ச்சியால் செதுக்கிப் பிடியின் வளைவை எடுத்தார். குழல் உட்காரும் பள்ளத்துக்குத்தான் நாள் பிடித்தது. அதே பருமனுள்ள இரும்புக் குழாயில் விளக்குக் கரியைப் பூசிப் பள்ளத்தில் வைத்து அழுத்துவார். கரி ஒட்டிய மேட்டை மட்டும் உளியால் சீவிவிட்டு மறுபடியும் அழுத்துவார். பிறகு விரலால் தடவிப் பார்ப்பார்.

"பெத்த புள்ளைய ஒரு நாளு இப்டித் தடவிக் குடுத்தியா நீ?" என்றார் அவர் மனைவி பேபி. "கட்டையத் தடவிகினே கீறியே!"

"புள்ள தானா வளந்துக்கும். இது வளராது."

திருவிழாவுக்கு முந்தின நாள் கோயிலில் குழலைப் பொருத்தினார்கள். நானும் போயிருந்தேன். குழல் பள்ளத்தில் பிசகாமல் உட்கார்ந்தது. குழலின் அடியில் துளையிட்ட மூன்று இரும்புக் காதுகள் உண்டு. அவை இறங்கும் குழிகளை வேம்புலி சற்றுத் தாராளமாகவே வெட்டியிருந்தார். கட்டையில் குறுக்கே துளையிட்டு, அந்தக் காதுகளுக்குள் ஆணி செருகினால்தான் குழல் நிற்கும். பிடிப்பக்கத்து முதல் ஆணி நுழைந்தது. நடுத்துளையில் காது பாதிதான் தெரிந்தது. நுனித்துளையில் காதே தெரியவில்லை.

"இன்னா மாமே, எத்தினி தபா தட்டுவே?" என்றார் ஜெகதீசன். "ஆணியே அயுவுது பாரு."

பிசகு போகப் போகக் கூடிக்கொண்டே வந்ததைக் கவனித்தேன். "எந்த ஸ்கேல்ல குறிச்சே, வேம்புலி?" என்று கேட்டேன்.

பையிலிருந்து ஸ்கேலை எடுத்துப் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அய்யோ அண்ணாத்தே, இத்த வெச்சிகினா குறிச்சேன்?"

அது சுருக்க ஸ்கேல். உருக்கி ஊற்றிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதை ஈடுகட்ட அச்சு சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். அதற்காக, அந்த ஸ்கேலில் ஒவ்வோர் அங்குலமும் மயிரிழை கூடுதலாக இருக்கும். அச்சு வேலைக்காரர்கள் கணக்குப் போடாமல் அதிலேயே அளந்துவிடுவார்கள். வேம்புலியின் கை வேறு ஸ்கேலை எடுத்துப் பழகியதில்லை. சாதாரண டேப்பில் எடுத்த அளவைச் சுருக்க ஸ்கேலில் குறித்திருந்தார். வேறு கட்டை கிடையாது. கிடைத்தாலும் செய்து முடிக்க நேரமில்லை.

வீட்டில் பேபி வழி சொன்னார்: "மெயுகும் மரத்தூளும் கொழைச்சி தப்பு ஓட்டைய அடைச்சிட்டு, பக்கத்துல வேற போடு. பட்டறைல தெனம் அத்தத்தானே பண்றே? எவனுக்குத் தெரியப் போவுது?"

"பட்டறைல இரும்பு ஊத்தினதும் அச்சைத் தூக்கி மூலைல போட்டுருவான். இத்த நான் தோள்ல தூக்கினு போவணும்."

மறுநாள் காலை கோயிலிலேயே உட்கார்ந்து, குழலை வைத்து நேராகக் குறித்து, கைத்துரப்பணத்தால் புதுத்துளைகள் போட்டார். நடுவில் பழைய துளைக்கும் புதியதற்கும் இடையே நகக்கனம் மரமே மிஞ்சியது. அங்கே பிளந்தால் கட்டை போச்சு. துரப்பணத்தை அரைச்சுற்று சுற்றுவதும் எடுத்து ஊதுவதுமாக இருந்தார். மரம் தாங்கியது. ஆணிகள் ஏறின. பழைய துளைகளை அப்படியே விட்டுவிட்டார்.

"இன்னா நைனா, ஓட்டைக்குப் பக்கத்துல ஓட்டை?" என்றார் ஜெகதீசன். "பிளாட்காரங்க சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கட்டும். தப்பாப் போட்ட ஓட்ட, என் தப்புதான். அடைச்சா அடைப்பாய்டும், அதான் உட்டுட்டேன்."

கோயிலில் பூசை செய்யும் தாயம்மா கட்டையைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, பழைய துளைகளில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் அடிப்பக்கம் வழிந்து தரையில் சொட்டியது.

"அடைப்பு ஒண்ணும் கெடையாது," என்றார். "ஒரே மரம். இன்னும் இன்னாத்துக்கு நிக்கறே? தூக்குடா வேம்புலி."

வேம்புலி தூக்கினார். மேளம் கிளம்பியது. ஜெகதீசன் ஒரு நிமிடம் நின்றார். பிறகு முன்னால் போய், ரோட்டை அடைத்துக்கொண்டிருந்த ஷேர் ஆட்டோக்களை ஓரங்கட்டச் சொல்லிக் கத்த ஆரம்பித்தார்.