டைனோசருக்குள் அக்காவின் நடை

கடைவாசல்களில் கரடி வேஷம் போட்டு ஆடிக்கொண்டிருந்தவன் அவன். அருங்காட்சியகத்தில் டைனோசர் உடைக்குள் புகுந்து நடக்கும் வேலை கிடைத்த பிறகும் கரடி என்ற பேர்தான் நிலைத்தது.

பயிற்சி கொடுத்த பெண் ஆராய்ச்சியாளருக்கு அவன் நடை துளியும் பிடிக்கவில்லை.

"மனுஷன் மாதிரி நிமிந்து நடக்காதீங்க. இது வாலைத் தரையில இழுத்துட்டுப் போற மிருகம் இல்ல. முன்னால தலை, பின்னால வால், நடுவுல இடுப்பு. தராசு மாதிரி நிக்கணும்."

கரடி மண்டையை மண்டையை ஆட்டினான். நடக்கும்போது மட்டும் கோட்டை விட்டான்.

அன்று மாலை வீட்டில், தைத்த துணிகளைத் தூக்கிக்கொண்டு அக்கா அறையைக் கடந்தாள். ஏணியிலிருந்து விழுந்ததில் இடுப்போடு மடங்கிப்போனவள். ஒரு கையைப் பின்னால் நீட்டித்தான் சமாளித்து நடப்பாள். கரடியின் கண் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

மறுநாள் அந்த நடை அப்படியே உடைக்குள் வந்துவிட்டது.

"இதுதாங்க! எங்க பிடிச்சீங்க?" என்று ஆராய்ச்சியாளர் குதித்தார்.

"தானா வந்துச்சு மேடம்."

கூட்டம் அள்ளியது. பிள்ளைகள் அலறின, பெரியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு விடுமுறை நாளில், வெளியே பார்க்க டைனோசரின் கழுத்தில் வைத்திருந்த வலை வழியாகப் பார்த்தவனுக்கு உயிரே போய்விட்டது. கம்பியைப் பிடித்தபடி அக்கா நின்றிருந்தாள். சிரித்த முகம் மெல்லச் சுருங்கியது. நிமிர்ந்துவிடலாமா என்று நினைத்தான். கைதட்டல் அவனைத் தள்ளிக்கொண்டு போனது.

வீட்டில் அக்கா மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

"அது என் நடைதானே?"

"இல்லக்கா... டைனோசரே அப்படித்தான்..."

"தெருவுல என்னைப் பாத்துச் சிரிக்கிறவங்க எனக்குப் பழக்கம்டா தம்பி. டிக்கெட் எடுத்துட்டு வந்து சிரிச்சவங்களை இன்னைக்குத்தான் பாத்தேன்."



மறுநாள் அவன் காரணம் சொல்லாமல் உடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அருங்காட்சியக வாசலில் டிக்கெட் கிழிக்கப் போனான். அக்காவிடம் சொன்னபோது, "நான் விடச் சொன்னேனா?" என்றதோடு சரி.

ஆனால் அவன் வீட்டில் இருக்கும்வரை அவள் எழுந்திருப்பதில்லை. ஒருநாள் பால் பொங்கியது. பாதி எழுந்தவள், அவனைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். அவன்தான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தான்.

அதிலிருந்து வேலை விட்டு வந்ததும் கொஞ்சநேரம் வாசலிலேயே நிற்கிறான். உள்ளே தையல் மெஷின் சத்தம் நின்றால் அவள் நடக்கிறாள் என்று அர்த்தம். அது மறுபடி ஓடத் தொடங்கிய பிறகுதான் கதவைத் தட்டுகிறான்.